ஒசாகாக்காரிக்கு எந்த ஊர்ப் பேச்சு?

"மாமா, இந்தப் பொண்ணு ஏன் இப்படி இழுத்து இழுத்துப் பேசுறா? ஜப்பான்காரிதானே இவ?"

அக்கா மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். மாலை டீயோடு அவளுடைய மடிக்கணினியில் 'அசுமாங்கா டாயோ' ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பானிய ஒலியில் பார்த்துக்கொண்டிருந்தவள் எதையோ அழுத்தப்போய் ஆங்கில ஒலி வந்துவிட்டது. வகுப்புக்குப் புதிதாக வந்து சேர்ந்த மாணவி வாயைத் திறந்தாள். அமெரிக்காவின் தென்மாநிலப் பேச்சு, வெல்லப்பாகு போல நீண்டு இறங்கியது. அவள் சிரித்தாள், பிறகு முகம் சுளித்தாள். "டப் எல்லாமே இப்படித்தான் மாமா, சகிக்கல" என்று தீர்ப்பும் சொல்லி ஒலியை மாற்றிவிட்டாள்.

"மாத்தாதே, அந்தக் காட்சியையே இன்னொரு தடவை போடு" என்றேன். அவள் கேட்ட கேள்வி ஒரு டீக்குள் முடியாது. அன்றைக்கு இரண்டு டீ ஆயிற்று. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அந்த மாணவியின் பெயர் கசுகா அயுமு. ஆனால் வகுப்பில் யாரும் அவளை அப்படிக் கூப்பிடுவதில்லை. ஒசாகாவிலிருந்து வந்தவள் என்பதால் தோமோ என்ற துடுக்குக்காரி முதல் நாளே 'ஒசாகா' என்று பட்டப்பெயர் வைத்துவிடுகிறாள். ஊர்ப் பெயரே பெண்ணின் பெயராகிவிடுகிறது. கியோஹிகோ அசுமாவின் நான்கு கட்டச் சித்திரத் தொடராக இருந்து, 2002இல் அனிமே என்ற ஜப்பானிய அசைபடமாகத் தொலைக்காட்சிக்கு வந்த கதை இது. ஜப்பானிய ஒலியில் அவளுக்குக் குரல் கொடுத்தவர் யுகி மத்சுவோகா. அவரும் ஒசாகா மாகாணத்தைச் சேர்ந்தவர்தான். ஊர்ப் பேச்சை ஊர்க்காரரே பேசினார்.

ஒசாகாப் பேச்சு என்றால் ஜப்பானியர் காதில் என்ன விழுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த டப்பை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது. ஒசாகா, கியோட்டோ, கோபே ஆகிய ஊர்கள் சேர்ந்த வட்டாரத்துக்குக் கான்சாய் என்று பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பேரரசரின் தலைநகராக இருந்தது கியோட்டோ. நாட்டின் வாணிபமே ஒசாகாவின் கையில் இருந்தது. 1868இல் மெய்ஜி ஆட்சி வந்து, தலைநகரம் டோக்கியோவுக்குப் போனது. அதன் பிறகு டோக்கியோவின் யமனோதே பகுதியில் படித்த குடும்பங்கள் பேசிய பேச்சை அடிப்படையாக வைத்துப் 'பொது ஜப்பானியம்' உருவானது. பள்ளிக்கூடமும் வானொலியும் அதைத்தான் பரப்பின. கான்சாய்க்காரர்கள் தங்கள் பேச்சை விடவில்லை. அது பட்டிக்காட்டுப் பேச்சாக இருந்து பிழைத்ததன்று, முன்னாள் தலைநகரத்தின் பேச்சு. அதில் ஒரு மிடுக்கு உண்டு.

வித்தியாசம் சொற்களில் மட்டும் இல்லை. 'உண்மையாகவா' என்பதற்கு டோக்கியோக்காரர் 'ஹொந்தோ' என்பார், ஒசாகாக்காரர் 'ஹொன்மா' என்பார். 'கூடாது, சரிப்படாது' என்பதற்கு 'அகான்'. இவற்றையெல்லாம் அகராதி வைத்துக் கற்றுக்கொள்ளலாம். கற்கக் கஷ்டமானது ராகம். எதிரில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் இருந்தன. அவளுடையதில் டீ நிறைய இருந்தது, என்னுடையது முக்கால்வாசி காலி. கரண்டியால் தட்டிக் காட்டினேன். காலி டம்ளர் உச்சத்தில் ஒலித்தது, நிறைந்த டம்ளர் கீழே ஒலித்தது. 'ஹாஷி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். டோக்கியோவில் முதல் அசையை மேலேயும் இரண்டாவதைக் கீழேயும் சொன்னால், சாப்பிடும் குச்சி. கீழிருந்து மேலே ஏற்றினால் பாலம். ஒசாகாவில் இது அப்படியே தலைகீழ். அங்கே மேலிருந்து கீழே இறங்கினால் பாலம், ஏறினால் குச்சி. அவள் டம்ளர்களை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தாள். "ஓ, அவ பேசினா பாட்டு மாறிடுதுல்ல" என்றாள். சரியாகப் பிடித்துவிட்டாள்.

இந்தப் பாட்டை ஆங்கிலத்தில் எப்படிக் கொண்டுவருவது? ஆங்கிலத்தில் இப்படி ராகத்தால் பொருள் மாறும் சொற்கள் கிடையாது. ஆகவே டப்பிங் எழுதுகிறவர் ஒலியை விட்டுவிட்டு, ஒலியைக் கேட்டதும் மனசில் எழும் எண்ணத்தைப் பிடிக்கப் பார்க்கிறார். ஒசாகாக்காரர் என்றதும் ஜப்பானியருக்கு என்ன தோன்றும்? சத்தமாகப் பேசுவார், வேகமாகப் பேசுவார், சிரிக்க வைப்பார், காசில் கெட்டி. இதற்கு ஒரு காரணம், மன்சாய் என்ற இருவர் நகைச்சுவைக் கலை ஒசாகாவில் செழித்தது. 1912இல் அங்கே தொடங்கிய யோஷிமோட்டோ நிறுவனம் அந்தக் கலைஞர்களை நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிரிப்பு என்றாலே கான்சாய்ப் பேச்சு என்றாயிற்று.

'அசுமாங்கா டாயோ'வின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. வகுப்பில் எல்லோரும் ஒரு ஒசாகாக்காரியை எதிர்பார்க்கிறார்கள். வந்தவளோ கனவில் மிதப்பவள். கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் மேகம் ஒன்று கடந்து போகும். ஒசாகாவிலிருந்து வந்த, ஒசாகாக்காரியைப் போலவே இல்லாத பெண். சிரிப்பு அந்த முரணில் பிறக்கிறது.

ஆங்கில டப் செய்தது ஏடிவி ஃபிலிம்ஸ், டெக்ஸாஸ் மாநிலம் ஹூஸ்டனில் இருந்த நிறுவனம். குரல், கிரா வின்சென்ட் டேவிஸ். அவர்கள் தென்மாநிலப் பேச்சைத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்கக் காதுக்குத் தென்மாநிலப் பேச்சு என்றால் நிதானம், இழுவை. அவளுடைய மந்தமான இயல்புக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ரசிகர்கள் பலர் அந்தக் குரலைத் தலையில் வைத்துக் கொண்டாடியதற்கு அதுதான் காரணம். எனக்கும் அந்தக் குரல் பிடிக்கும். ஆனால் பேச்சும் சுபாவமும் பொருந்திப்போனதில் முரண் போய்விட்டது. இழுத்துப் பேசுகிற ஊரிலிருந்து வந்த மெதுவான பெண் என்று ஆகிவிட்டாள். அவளை ஒரு நியூயார்க்காரியாக்கி, அந்த ஊரின் படபட பேச்சை அரைத்தூக்கத்தில் பேசவைத்திருந்தால் மூலத்தின் நகைச்சுவை மிஞ்சியிருக்கும். அந்தக் குரலின் கனிவு போயிருக்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. எதை விட்டு எதைக் காப்பது என்பதுதான் மொழிபெயர்ப்பாளரின் அன்றாடத் தலைவலி. ரசிகர்கள் "குரல் பொருந்தவில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற இடத்தில், எடுத்தவர்கள் இப்படி எதையோ விட்டுக்கொடுத்து எதையோ காப்பாற்றியிருப்பார்கள்.

ஜப்பானியக் கதைகளில் இப்படிப் பேச்சே ஆளைக் காட்டுவது மிக அதிகம். ஒசாகா பல்கலைக்கழகத்தில் இருந்த மொழியியலாளர் சதோஷி கின்சுய் இதற்கு 'யாகுவாரிகோ' என்று பெயர் வைத்தார். வேடத்துக்கு உரிய மொழி என்று பொருள். 2003இல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அவர் காட்டும் உதாரணம் 'ஆஸ்ட்ரோ பாய்' கதையில் வரும் பேராசிரியர் ஒச்சானோமிசு. தன்னை 'வாஷி' என்று சொல்லிக்கொள்வார், வாக்கியத்தை 'ஜா' என்று முடிப்பார். நிஜத்தில் எந்தப் பேராசிரியரும் அப்படிப் பேசுவதில்லை. ஆனாலும் அப்படி ஒருவர் பேசினால் வெள்ளைத்தாடி அறிஞர் என்று ஜப்பானியக் குழந்தைக்கும் தெரியும். இதன் வேரைத் தேடிப்போனால், இன்றைய டோக்கியோ எதோ என்ற பெயரில் இருந்த காலத்துக்குப் போகிறது. அங்கே வைத்தியர்களும் பண்டிதர்களும், இளைஞர்கள் புதிய ஊர்ப் பேச்சுக்கு மாறிய பிறகும், மதிப்புமிக்க பழைய கான்சாய்ப் பேச்சையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாடகமும் கதைப் புத்தகங்களும் அதை அச்சாகப் பிடித்து வைத்துவிட்டன. அந்த அச்சுதான் இன்றும் ஓடுகிறது.

நான் என்று சொல்லவே ஜப்பானியத்தில் எத்தனையோ சொற்கள். 2016இல் வந்த மகோட்டோ ஷிங்காயின் 'யுவர் நேம்' படத்தில் ஒரு மாடிக் காட்சி உண்டு. ஹிதா மலைப்பகுதிப் பெண் மித்சுஹா, டோக்கியோ பையன் தாகியின் உடம்புக்குள் மாறியிருக்கிறாள். அவன் நண்பர்களிடம் பேசவேண்டும். 'வதாஷி' என்கிறாள், நண்பர்கள் விழிக்கிறார்கள். 'வதகுஷி' என்கிறாள், இன்னும் விழிக்கிறார்கள். 'போகு' சரிப்படவில்லை. 'ஒரே' என்றதும்தான் தலையசைக்கிறார்கள். நான்கும் 'நான்'தான். பெண் பேசுவது, மிகப் பணிவாகப் பேசுவது, சாதுவான பையன் பேசுவது, தோழர்களோடு திமிராகப் பேசுவது என்று ஒவ்வொன்றும் வேறு ஆள். போதாக்குறைக்கு, அவன் பேச்சில் ஏதோ ஊர்வாடை அடிப்பதாகவும் நண்பர்கள் சந்தேகப்படுகிறார்கள். ஆங்கிலத்துக்கு இருப்பது ஒரே ஒரு 'ஐ'. இந்த இல்லாமையைச் சமாளிக்கத்தான் ஆங்கில டப், உச்சரிப்பிடம் ஓடுகிறது. சொல்லால் காட்ட முடியாத ஆளைக் குரலின் ஊரால் காட்டப் பார்க்கிறது.

சில நேரம் ஓடாமலும் இருந்துவிடுகிறது. அதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. 'டிராகன் பால்' கோகுவைத் தெரியாதவர் யார்? அவன் தன்னை 'ஓரா' என்று சொல்லிக்கொள்வான். அது மலைக்காட்டுப் பையனின் 'நான்'. தாத்தாவோடு மலையில் வளர்ந்து, ஊர் உலகம் தெரியாமல் இறங்கி வந்த பிள்ளை, பிரபஞ்சத்தையே காப்பாற்றிய பிறகும் அதே 'ஓரா'வோடுதான் பேசுகிறான். மசாகோ நொசாவா 1986 முதல் அவனுக்குக் குரல் கொடுக்கிறார். 1936இல் பிறந்தவர், 2024இல் தொடங்கிய 'டிராகன் பால் டைமா'விலும் அவரேதான். பெரியவனான கோகுவின் முறுக்கேறிய உடம்பிலிருந்து அந்த அம்மாவின் கீச்சுக்குரல் வருவதை முதல்முறை கேட்கும் வெளிநாட்டு ரசிகர் திடுக்கிடுவார். ஆங்கிலத்தில் 1999 முதல் ஷான் ஷெம்மல் பேசும் கோகு, கம்பீரமான ஆண்மகன். நல்ல குரல், உழைப்பான நடிப்பு. ஆனால் அந்தக் காட்டுப்பிள்ளை அங்கே இல்லை. கோகு ஒரு மாவீரனாகிவிட்டான். ஆங்கிலத்தில் மட்டும் பார்த்து வளர்ந்த ஒருவருக்குத் தான் இழந்தது என்ன என்பதே தெரியாது. தவறான ஊர்ப் பேச்சு வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். வரவேண்டிய ஊர்ப் பேச்சு வராமல் போனால் யாரும் புகார் சொல்வதில்லை.

"அப்ப டப்ல சாதாரண அமெரிக்கப் பேச்சு வந்தா ஓகேயா?" என்று கேட்டாள்.

சாதாரணம் என்று ஒரு பேச்சு கிடையாது. 1997இல் ஹயாவோ மியாசாகி எடுத்த 'பிரின்சஸ் மோனோனோகே', 1999இல் நீல் கெய்மன் எழுதிய ஆங்கில வசனத்தோடு அமெரிக்காவுக்கு வந்தது. கதை நடப்பது முரோமாச்சிக் காலத்து ஜப்பானில். ஜிகோ என்ற தந்திரக்காரத் துறவிக்கு பில்லி பாப் தார்ன்டன் குரல் கொடுத்தார். ஆர்கன்சா மாநிலத்துக்காரர், தன் ஊர்ப் பேச்சிலேயே பேசினார். பழைய ஜப்பானில் அமெரிக்கத் தென்மாநிலத்துக்காரருக்கு என்ன வேலை என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அதே படத்தில் நாயகி சானுக்குக் குரல் கொடுத்த கிளேர் டேன்ஸ் நியூயார்க்காரர். அவர் பேசிய பொது அமெரிக்க ஆங்கிலமும் முரோமாச்சிக் காலத்தில் கிடையாது. ஆனால் அதன் ஊரைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. செய்தி வாசிப்பவரின் பேச்சு காதுக்குப் பழகிவிட்டதால், அதற்கு ஊரே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். தார்ன்டன் மீது வந்த கோபத்தில் பாதி, இந்தப் பழக்கத்தின் கோபம். மறுபாதி நியாயமானது. ஜிகோவின் நரித்தனம் அவர் குரலில் சோம்பலாக ஒலிக்கிறது என்பது என் எண்ணமும்கூட. ஆனால் அது நடிப்பின் குறை, ஊரின் குறை அன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிறவர்கள் குறைவு. அதே படத்தில் ஓநாய்த் தாய் மோரோவுக்கு ஜப்பானியத்தில் பேசியவர் அகிஹிரோ மிவா என்ற ஆண் கலைஞர். குகைக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். ஆங்கிலத்தில் கில்லியன் ஆண்டர்சன். அவரும் நன்றாகவே செய்தார், ஆனால் தெய்வம் பேசுவது போல இருந்த அந்த விசித்திரம் திரும்பி வரவில்லை.

காரணமே இல்லாமல் ஒட்டப்பட்ட உச்சரிப்புகளும் உண்டு. அங்கே ரசிகர் பக்கம்தான் நான். 2004இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஃபோர்கிட்ஸ் நிறுவனம் 'ஒன் பீஸ்' கதையைச் சிறுவர் நிகழ்ச்சியாக்கி ஒளிபரப்பியது. சமையல்காரன் சாஞ்சியின் வாயில் இருந்த சிகரெட்டைக் குச்சிமிட்டாயாக மாற்றினார்கள். அவனுக்கு ஒரு மூக்கடைத்த புரூக்ளின் பேச்சும் கொடுத்தார்கள். ஜப்பானியத்தில் ஹிரோவாகி ஹிராதாவின் குரலில் அவன் ஒரு சொகுசுக்காரன், பெண்களைக் கண்டால் குழைவான், ஆண்களிடம் வெட்டிப் பேசுவான். நிஜ உலகில் என்றால் சாஞ்சி எந்த நாட்டுக்காரன் என்று வாசகர் ஒருவர் கேட்டபோது, படைத்த ஒடாவே பிரான்ஸ் என்று பதில் சொன்னார். புரூக்ளினுக்கும் அவனுக்கும் எந்த ஒட்டும் இல்லை. 2007 முதல் ஃபனிமேஷன் நிறுவனத்தின் புதிய டப் வந்ததும் ரசிகர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

ஆனால் அதே ஃபோர்கிட்ஸ், 'யூகியோ' கதையில் ஜோனோவுச்சியை ஜோயி ஆக்கி அவனுக்கும் புரூக்ளின் பேச்சைக் கொடுத்தது. அது நிலைத்துவிட்டது. மூலத்தில் அவன் தெருச்சண்டையில் அடிபட்டு வளர்ந்தவன், பேச்சு கரடுமுரடு, நட்பென்றால் உயிரைக் கொடுப்பவன். நியூயார்க் உழைக்கும் மக்களின் பேச்சு அவனிடம் போய்ச் சேர்ந்தபோது ஒரு நியாயம் இருந்தது. 'போக்கேமான்' பூனை மியாவ்த் கதை இன்னும் சுவையானது. ஜப்பானியத்தில் அது ஒவ்வொரு வாக்கியத்தையும் 'ந்யா' என்று பூனை போல முடிக்கும். ஆங்கில வாக்கியத்தின் வாலில் அப்படி எதையும் ஒட்ட முடியாது. ஆகவே வாலில் ஒட்ட முடியாததை, வாக்கியம் முழுக்கப் பூசினார்கள். அதுவும் புரூக்ளின்தான், ஆனால் அங்கே இல்லாத ஒன்றை ஈடுகட்டுகிற வேலையைச் செய்தது. 'நருட்டோ' தொடரின் நாயகன் நருட்டோ வாக்கியத்தின் முடிவில் சொல்லும் 'தத்தேபயோ'வும் அப்படி ஒரு பொருளற்ற வால். அதற்கு 2005 ஆங்கில டப்பில் 'பிலீவ் இட்' என்று போட்டார்கள். பொருளற்ற ஒலி இருந்த இடத்தில் பொருளுள்ள சொல் வந்து உட்கார்ந்ததும், பையன் ஒரே வீறாப்பை ஓயாமல் சொல்கிறவன் ஆகிவிட்டான். ரசிகர்கள் சலித்தார்கள், போகப்போக அந்தச் சொல்லும் குறைந்து மறைந்தது.

ஏன் அதை விட்டுத்தொலைக்கவில்லை என்று கேட்டால், வாய் இருக்கிறதே! படத்தில் நருட்டோவின் வாய் அந்த நேரம் அசைகிறது. தொலைக்காட்சி அனிமேயில் வாய்க்குப் பெரும்பாலும் மூன்றே சித்திரம்: மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது. எந்த எழுத்து என்பது தெரியாது, ஆனால் எவ்வளவு நேரம் என்பது தெரியும். வாய் அசையும் வரை பேச்சு வந்தாக வேண்டும். மூடியதும் நின்றாக வேண்டும். இங்கே ஜப்பானியமும் தமிழும் ஒரு கட்சி, ஆங்கிலம் எதிர்க்கட்சி. வினைச்சொல் நமக்குக் கடைசியில்தான் வரும், அவர்களுக்கும் அப்படியே. 'உன்னை... என்றைக்கும்... நான்... மன்னிக்க மாட்டேன்' என்று ஒருவன் மூச்சு விட்டு விட்டுச் சொல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பானா மாட்டானா என்பது கடைசி அசைவில்தான் உடைகிறது, படத்தின் கண்ணும் அப்போதுதான் சிவக்கிறது. ஆங்கிலத்தில் மறுப்பு வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். பிறகு மிச்சமிருக்கும் வாயசைவுக்கு எதையாவது இட்டு நிரப்பவேண்டும். டப் வசனம் சில இடங்களில் வளவள என்று இருப்பதற்குக் காரணம், எழுதியவரின் சோம்பேறித்தனம் என்று நினைக்கக்கூடாது.

நடிப்பு முறையும் வேறு. ஜப்பானில் நடிகர்கள் ஒரே கூடத்தில் கூடி, முறை வரும்போது மைக் முன்னால் வந்து பேசுவது வழக்கம். எதிராளியின் மூச்சு காதில் விழும். அமெரிக்காவில் அனிமே டப்பிங் பெரும்பாலும் தனியறையில், ஒருவர் மட்டும். காதில் மூன்று பீப் ஒலிக்கும், நான்காவது ஒலிக்கவேண்டிய இடத்தில் பேசத் தொடங்கவேண்டும். சண்டைக் காட்சியில் எதிரே நிற்பவனின் வசனம் இன்னும் பதிவாகாமலேயே இருக்கலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நல்ல டப் ஒன்றைக் கேட்டால் கும்பிடத் தோன்றுகிறது.

கும்பிட வேண்டியவற்றில் 'பக்கானோ' முதல் வரிசை. 1930களின் அமெரிக்கா, நியூயார்க் ரவுடிக் கும்பல்கள், ஒரு ரயில். கதை எழுதியவர் ஜப்பானியர், ஆனால் மனிதர்கள் அமெரிக்கர்கள், இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஆங்கில டப்பில் ஆளுக்கொரு தெரு, ஆளுக்கொரு பேச்சு. ஜப்பானிய ஒலியைத் தவிர வேறெதையும் தொடாத ரசிகர்களும் இதை ஆங்கிலத்தில் பார்க்கச் சொல்வார்கள். இங்கிலாந்தில் நடக்கும் 'ஹெல்சிங்', விக்டோரியா காலத்து 'பிளாக் பட்லர்' இரண்டிலும் இங்கிலாந்துப் பேச்சு வந்தது அதே நியாயத்தால்தான். அமெரிக்கக் கூடத்தில் அமெரிக்கர் பேசும் லண்டன் பேச்சு லண்டன்காரர் காதை ஏமாற்றாது, உண்மைதான். ஆனாலும் தேர்வு சரி.

எனக்கு மிகவும் பிடித்தது 'நி நோ குனி'. இது விளையாட்டு, அசைபடப் பகுதிகளை வரைந்தது ஸ்டுடியோ ஜிப்ளி. அதில் மூக்கில் லாந்தர் தொங்கும் குட்டித் தேவதை ஒன்று, கான்சாய்ப் பேச்சு பேசும். குரல் கொடுத்தவர் அரதா ஃபுருதா, கோபேக்காரர். 2013இல் வந்த ஆங்கில வடிவத்தில் அதற்கு வேல்ஸ் பேச்சைக் கொடுத்தார்கள். பேசியவர் ஸ்டெஃபன் ரோட்ரி, அவரும் வேல்ஸ்காரர். வேல்ஸ் லண்டனுக்கு அடங்கி இருக்கிறது, ஆனால் அதற்கென்று சொந்த வரலாறும் சொந்த ராகமும் உண்டு. பேச்சில் பாட்டு இருக்கிறது என்று ஆங்கிலேயரே சொல்வார்கள். கான்சாய்க்கு இத்தனை நெருக்கமான ஒரு ஊரை ஆங்கில உலகில் வேறு எங்கே தேடுவது! ரசிகர்கள் அந்தக் குரலை வாரி அணைத்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஊருக்கு ஊர் யோசித்து, ஊர்க்காரரையே கூப்பிட்டுப் பேசவைத்தார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள், "இருந்தாலும் எனக்கு ஜப்பானிய வாய்ஸ்தான் மாமா பிடிக்குது" என்றாள். பிடிக்கட்டும். முதலில் கேட்ட குரல் ஒட்டிக்கொள்ளும், அது மனித சுபாவம். 2006இல் 'போக்கேமான்' ஆங்கில டப் கைமாறியபோது முக்கியக் குரல்கள் மாறின. நாயகன் ஆஷ் ஆக எட்டுப் பருவங்கள் பேசிய வெரோனிகா டெய்லர் போய், சாரா நட்டோசென்னி வந்தார். ரசிகர்கள் துக்கம் விசாரிப்பது போலப் பேசினார்கள், மனுப் போட்டார்கள். சாரா அசரவில்லை. 2023 வரை, பதினேழு ஆண்டுகள் அவரே ஆஷ். ஆஷ் விடைபெற்றபோது அவர் குரலுக்காக அழுதவர்கள், டெய்லரின் குரலைக் கேட்டே இராத பிள்ளைகள்.

இந்த டப்பிங் பேச்சு நமக்கும் இப்போது வீட்டுப் பேச்சாகிவிட்டது. அனிமே தளமான கிரஞ்சிரோல் தமிழ் ஒலியோடு தொடர்களைத் தருகிறது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' தமிழ் டப்பிங்கோடு திரையரங்குகளுக்கே வந்தது. இனி கான்சாய்க்காரர்கள் தமிழுக்கு வருவார்கள். அவர்களுக்கு எந்த ஊரைக் கொடுப்பது?

"ஒசாகாவுக்குக் கோயம்புத்தூர் குடுத்தா நல்லாருக்கும்ல? ஏனுங்க, என்னங்கன்னு மெதுவா பேசுவா" என்றாள் அவள். காதுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் அது ஹூஸ்டன்காரர்கள் செய்ததையே திரும்பச் செய்வது. நான் மதுரை என்றேன். பழைய தலைநகரம், தன் பேச்சில் பெருமை உள்ள ஊர். மதுரைக்காரர் என்றதும் அரிவாளும் அதட்டலுமாகத்தான் வருவார் என்று சினிமா நம்மை நம்பவைத்திருக்கிறது. அப்படி எல்லோரும் பயந்து காத்திருக்கும் வகுப்பறைக்குள், மேகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு பெண் நுழைகிறாள். பேச்சு மதுரை, சுபாவம் பஞ்சு. அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, மதுரைப் பேச்சில் அந்த முதல் வசனத்தைத் தூக்கக் கலக்கத்தோடு பேசிக் காட்டினாள். இருவரும் சிரித்ததில் டீ சிந்திவிட்டது.

'அசுமாங்கா டாயோ' தமிழுக்கு வந்தால், வசனம் எழுதப்போகிறவருக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பெண்ணுக்கு மதுரைப் பேச்சைக் கொடுங்கள். அதைப் பேச, மதுரையில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணையே கூப்பிடுங்கள்.